துண்டு போட்ட நாற்காலி

அந்தக் கப்பலில் அடுத்த வருஷப் பயணத்துக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டவர்கள், மறுநாள் காலைப் பலகாரத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். இந்த வருஷத்து ஆட்கள் தட்டோடு இட்லிக்கு வரிசையில் நிற்கும்போதே, அதே ஆட்கள் ஒரு வயது கூடியவர்களாக, வேறு சட்டையும் வேறு சேலையும் உடுத்தி, நாலு பேருக்குப் பின்னால் அதே வரிசையில் நின்றார்கள். தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார், பிறகு இரண்டு பங்குக்கும் சேர்த்தே மாவை ஊற்றினார். யாரும் அலறவில்லை, யாரும் கையிலிருந்ததைக் கீழே போடவில்லை. சென்னையில் கிளம்பி இலங்கையைத் தொட்டுவிட்டு ஐந்தாம் நாள் சென்னைக்கே திரும்புகிற கப்பல் அது. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எது நடந்தாலும் அது கடலின் வழக்கமாக இருக்கும் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.

குழல்வாய்மொழி மட்டும் அன்று இட்லியைத் தொடவில்லை. தென்காசியிலிருந்து வந்தவள், ஐம்பத்தைந்து வயது. பயப்படுவதற்கு அவளுக்குப் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்ததே போதுமானதாக இருந்தது. கேஸை மூடினோமா என்பதில் தொடங்கி, கப்பலில் இத்தனை பேருக்கும் மிதவைச் சட்டை இருக்குமா என்பது வரைக்கும் அவள் கவலைப்பட்டு முடித்திருந்தாள். ஒரு பை கடலில் விழுந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று புருஷனுடைய மாத்திரைகளை மூன்று பைகளில் பிரித்து வைத்திருந்தாள். தூங்கும்போது அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது அவளுக்கு இரண்டு வருஷத்துப் பழக்கம், அவர் நெஞ்சில் இரண்டாவது ஸ்டென்ட் வைத்ததிலிருந்து.

அவர் பெயர் சங்கரநயினார். முப்பத்து மூன்று வருஷம் தென்காசி மதுரை பஸ்ஸில் கண்டக்டர். காக்கியைக் கழற்றிய நாளிலிருந்து வெள்ளைச் சட்டைதான். அறுபது முடிந்தபோது, மாலையும் மேளமும் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால், மகள் இரண்டு பேருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும், குழல்வாய்மொழி வாசற்படி இறங்கி ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு, அவர் தனக்குள் ஒரு தடவை "போலாம், ரைட்" என்று சொல்லிக்கொள்வார். கப்பலில் ஏறியதும் அதையே சொன்னார். கப்பலும் கிளம்பியது.

ஏறிய அன்று சாயங்காலமே அவர் ஒரு சண்டையும் போட்டார். மேல்தளத்தில் கடலைப் பார்த்துப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளில் பாதிக்கு மேல் ஆளில்லாமல் துண்டு மட்டும் கிடந்தது. சங்கரநயினார் ஒரு துண்டை எடுத்து மடித்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். துண்டுக்காரர் கையில் ஜூஸோடு வந்தார். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் பொங்கியண்ணன் என்பவர் அவர்.

"ஏனுங்க, துண்டு போட்டிருந்தனே, பாக்கலீங்களா?"

"பாத்தேன். துண்டுக்கு டிக்கெட் கிடையாது. உக்காரப்போறது ஆளா துண்டா?"

"ஆளு வருதுன்னுதானுங்க துண்டு போடறது."

"முப்பத்து மூணு வருஷமா இதைத்தான் கேட்டுட்டு வாரேன். எந்த ஊர்ல ஏறினாலும் ஆள் வருது, ஆள் வருதுன்னுவாங்க. ஜன்னல் வழியா துண்டு, தொப்பி, செருப்பு, ஒருநாள் கைப்பிள்ளையவே போட்டுட்டான் ஒருத்தன். எடுத்து அவன் கையில குடுத்துட்டுத்தான் மறுவேலை பாத்தேன். நிக்கிற ஆளுக்குத்தான் சீட்டு. வராத ஆளுக்கு இடம் பிடிக்கப்படாது, அது பாவம்."

பொங்கியண்ணனின் மனைவி தனக்கொடி சிரித்துவிட்டாள். சிரித்ததால் சண்டை நின்றது, நான்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டு நாலு பேரும் உட்கார்ந்தார்கள், குழல்வாய்மொழி தன் பையிலிருந்து முறுக்கை எடுத்தாள். காற்று காதில் அடைக்காமலிருக்க அவள் தலையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்ட ஈரிழைத் துண்டைக் கட்டியிருந்தாள். அதைப் பார்த்து, "அக்கா மட்டும் துண்டத் தலையிலயே வெச்சிட்டாங்க, யாரும் எடுக்க முடியாது" என்றாள் தனக்கொடி.

ஐந்தாவது தளத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த மேசையைப் பற்றி முதலில் சொன்னவரும் பொங்கியண்ணன்தான். அடுத்த பயணத்துக்கு இறங்குவதற்கு முன்பே பெயர் கொடுத்தால் தள்ளுபடி, விருப்பப்பட்ட அறை, கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் தொகை, மனசு மாறினால் முன்பணம் முழுதும் வாபஸ். கரைக்குப் போய் யோசித்துப் பதிந்தால் இதில் எதுவும் கிடையாது. அவர் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டார். அதனால்தான் மறுநாள் காலை இட்லி வரிசையில் இரண்டு பொங்கியண்ணன்களும் இரண்டு தனக்கொடிகளும் நின்றார்கள்.

கப்பல் ஜனங்கள் அவர்களுக்குப் புக்கிங்காரங்க என்று பெயர் வைத்தார்கள். செத்தவர்கள் அல்ல என்பதால் பேய் என்று சொல்ல முடியாது, இன்னும் வராதவர்கள் என்பதால் விருந்தாளி என்றும் சொல்ல முடியாது. அவர்கள் தட்டில் வாங்கினார்கள், உட்கார்ந்தார்கள், சாப்பிடுவதுபோலவே இருந்தது, எழுந்துபோன பிறகு பார்த்தால் தட்டில் எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் உப்பும் உறைப்பும் இல்லாமல் சப்பென்று ஆகியிருந்தது. அவர்கள் உட்கார்ந்து எழுந்த இருக்கை கொஞ்ச நேரத்துக்குக் குளிர்ந்திருந்தது. இந்த வருஷத்து ஆட்கள் எதிரே வந்தால், கூட்டமான கடைத்தெருவில் தெரியாத முகத்தைத் தாண்டிப் போவதுபோலத் தாண்டிப் போனார்கள். சின்னக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னார்கள். மணி என்ன என்றால் சொன்னார்கள், லிஃப்ட் மேலேயா கீழேயா என்றால் சொன்னார்கள். காரைக்காலைச் சேர்ந்த ஒரு நகைக்கடைக்காரர், அடுத்த வருஷத்துத் தங்கத்தின் விலை தெரிந்துவிடும் என்று அவர்களுடைய மேசைக்குப் பின்னாலேயே ஒரு பகல் முழுவதும் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஏசி ரொம்பக் குளிருகிறது, இட்லி கல்லாக இருக்கிறது என்பதைத் தவிர அவர்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமும் இட்லி இப்படித்தான் என்ற சேதியோடு அவர் எழுந்து போனார்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. லிஃப்டில் புக்கிங்காரர்களுக்கும் வழிவிடவும், அவர்களைப் புகைப்படம் எடுக்க வேண்டாம், படத்தில் விழ மாட்டார்கள். அதன்பின் எல்லாம் சகஜமாகிவிட்டது. ஐந்தாவது தளத்து மேசையில் கூட்டம் கூடியது. தள்ளுபடிக்காகக் கொஞ்சம் பேர், பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக நிறையப் பேர். மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா என்று பார்க்க, மூன்று பேராக வந்த ஒரு குடும்பத்தார் வரப்போகிற மருமகனையும் சேர்த்து நான்கு பேருக்குப் பெயர் கொடுத்தார்கள். மறுநாள் நாலாவதாக வந்து நின்றவன் எவன் என்று தெரியாமல் அவன் பின்னாலேயே சுற்றினார்கள்.

"நாமளும் குடுத்துருவோமா?" என்றார் சங்கரநயினார். "போயிட்டு வர்ற டிக்கெட்டு மாதிரிதான ஏளா. சல்லிசாவும் கிடைக்கி."

"நாளைக்கு என்ன குழம்புன்னே எனக்குத் தெரியாது. அடுத்த வருஷத்துக்கு யாரு பதில் சொல்லுவா?"

"வேண்டாம்னா பணம் திரும்ப வந்துருமாம்."

"பணம் திரும்ப வரும்" என்றாள் குழல்வாய்மொழி. "நீங்க சும்மா இருங்க."

அவள் பயம் எது என்பது அவருக்கும் தெரியும். பெயர் கொடுத்த மறுநாள் இரண்டு பேர் வராமல் ஒருத்தி மட்டும், நெற்றி வெறுமையாக, படிக்கட்டில் இறங்கி வந்தால் என்ன செய்வது என்பதுதான் அது. தெரியாமல் ஒரு வருஷம் பயந்துகொண்டிருப்பது அவளுக்குப் பழகிய வேலை. தெரிந்துகொண்டு ஒரு வருஷம் இருப்பதற்கு அவளுக்குத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் காலை அந்தப் பயம் தனக்கொடிக்கு வந்தது. நீச்சல் குளத்துப் பக்கம் புக்கிங்காரத் தனக்கொடி தனியாக நின்றாள், நெற்றியில் பொட்டு இல்லை. அதை முதலில் பார்த்தவள் யாரோ ஒரு திருச்சிக்காரி. ஐந்து நிமிஷத்தில் ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். இந்த வருஷத்துத் தனக்கொடி தரையில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்திலேயே பொங்கியண்ணன், வாயில் பாதி வடையோடு, செய்வதறியாமல் நின்றார்.

"நான் இங்கதான நிக்கறேன், கண்ணு."

"நீங்க இப்ப நிக்கறீங்க. அப்ப எங்க போனீங்க?"

"எனக்கென்ன தெரியும்? நான் இன்னும் போகலியே."

குழல்வாய்மொழி தனக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஆறுதல் சொல்லத் தொடங்கியிருந்தார்கள், ஒருத்தி மண்டியை யார் பார்ப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள், அப்போது குளியலறைப் பக்கமிருந்து ஒரு வயது கூடிய பொங்கியண்ணன் அரைக்கால் சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து வந்து, ஐஸ்கிரீம் எங்கே கிடைக்கும் என்று யாரையோ கேட்டார். புக்கிங்காரத் தனக்கொடி குளத்தில் முகம் கழுவியிருக்கிறாள், ஒட்டுப்பொட்டு தண்ணீரோடு போயிருக்கிறது, அவ்வளவுதான். பெண்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். இனிமேல் நெற்றியைப் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொருத்தியும் நெற்றியைத்தான் முதலில் பார்த்தாள்.

எல்லாருக்கும் அப்படி ஐஸ்கிரீமோடு முடியவில்லை. ஆம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஆறு பேருக்குப் பெயர் கொடுத்தது, ஐந்து பேர்தான் வந்தார்கள். அந்த ஐந்து பேரும் ஆறு பேர் மேசையில், நடுவில் ஓர் இடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். குடும்பத்தார் ஓடிப்போய் ரத்து செய்தார்கள். ரத்து செய்த நிமிஷத்தில் அந்த ஐந்து பேரும் மேசையிலிருந்து ஒருத்தர்பின் ஒருத்தராக எழுந்து, தண்ணீர் டம்ளரை நேராக வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அதற்கப்புறம் அந்த மேசையில் யாரும் உட்காரவில்லை, பரிமாறுகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் குழல்வாய்மொழி குளியலறையில் சங்கரநயினாரின் சட்டையை அலசப்போனாள். சலவைக்குப் போடலாம், ஆனால் யார் துணியோடு எதைப் போடுவார்களோ. அலசுவதற்கு முன் சட்டைப் பையைத் துழாவுவது அவள் வழக்கம். முப்பத்து மூன்று வருஷம் காக்கிச் சட்டைப் பையிலிருந்து கிழிந்த டிக்கெட்டும் சில்லறையும் எடுத்த கை அது. கையில் ஒரு மடித்த காகிதம் வந்தது. அடுத்த வருஷம், இதே மாதம், எட்டாவது தளத்தில் ஓர் அறை. சங்கரநயினார், ஆண், அறுபத்தொன்று. குழல்வாய்மொழி, பெண், ஐம்பத்தாறு.

அவள் சட்டையை நனைக்காமலே வெளியே வந்தாள்.

"நடக்கப்போறேன்னு சொல்லிட்டு இதுக்குத்தான் போனியளா?"

அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒனக்கு அந்தக் கடல் பிடிச்சிருக்கு. நேத்து நீ ஒரு மணி நேரம் பயப்படாம உக்காந்திருந்த. நான் வாட்சைப் பாத்தேன். முப்பத்தஞ்சு வருஷத்துல அப்படி நான் பாத்தது இல்லை. அதான் குடுத்துட்டேன்."

அவள் காகிதத்தை மறுபடி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீங்க மேல வரப்படாது" என்றாள் கடைசியில். "நான் பாத்துட்டு வாரேன். எதுன்னாலும் நான்தான் பாக்கணும்."

"நான் எதுக்குப் பாக்கேன்? அடுத்த ஸ்டாப்ல ஏறுறவனுக்கு இங்கயே டிக்கெட் கிழிக்கிறதா? நான் கீழ கேரம் ஆடப்போறேன்."

நான்காம் நாள் பலகார நேரத்திலிருந்து குழல்வாய்மொழி தன்னைத் தேடினாள். தலையில் சிவப்புக் கட்டத் துண்டைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மண்டபம், கடைகள், குளம், சினிமா அரங்கு, கோல்ப் ஆடுகிற இடம் என்று ஒவ்வொரு தளமாக, ஐம்பத்தாறு வயதான ஒரு பெண்ணின் நெற்றியைத் தேடிக்கொண்டே போனாள். எதிரே வந்த ஒவ்வொரு பெண்ணிலும் முதலில் நெற்றி, பிறகு கழுத்து, பிறகு கால் விரல். பெண்கள் கழிப்பறையில் அரைமணி நேரம் நின்று வருகிறவர்களைப் பார்த்தாள். பொட்டோடு இருந்துவிடு, பொட்டோடு இருந்துவிடு என்று தன்னையே கெஞ்சிக்கொண்டு போனாள். பதினோரு மணிக்கு மேல் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. எங்கேயும் அவள் இல்லை. தான் எங்கே போய் உட்கார்ந்திருப்போம் என்று தனக்கே தெரியாதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியாக, முதல்நாள் நாலு பேரும் முறுக்குத் தின்ற மேல்தளத்துக்குப் போனாள்.

கடலைப் பார்த்த வரிசையில் ஒரு வயது கூடிய சங்கரநயினார் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், காது மடலில் முடி வெட்டாமல் கிடந்தது, உயிரோடு இருந்தார். குழல்வாய்மொழிக்கு முதலில் வந்தது அழுகையல்ல, அப்பாடா என்ற ஒரு பெருமூச்சு. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கும்பிட வேண்டிய சாமிகளின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். இரண்டு வருஷத்துப் பாரம் தோளிலிருந்து இறங்கிக் கடலில் விழுந்ததுபோல இருந்தது. அதன் பிறகுதான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

அதில் ஒரு துண்டு கிடந்தது. சிவப்புக் கட்டம் போட்ட ஈரிழைத் துண்டு, ஒரு வருஷம் வெளுத்தது.

பாத்ரூம் போயிருப்பேன் என்று அவள் நினைத்தாள். பொட்டு கழுவிப்போனதற்கு ஊரே கூடி அழுததை நினைத்துக்கொண்டாள். எதிர்ப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தனக்காகக் காத்திருந்தாள். வெயில் நாற்காலியிலிருந்து நாற்காலிக்கு நகர்ந்தது. ஆட்கள் வந்தார்கள், இடம் தேடினார்கள், அந்த நாற்காலியின் முன்னால் நின்று கேட்டார்கள், அவர் ஏதோ சொன்னார், போய்விட்டார்கள். கப்பல் சிப்பந்தி ஒருவர் அரைமணிக்கு ஒருதரம் ஆளில்லாத துண்டுகளை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அந்தச் சிப்பந்தியும் இந்தத் துண்டின் முன்னால் நின்றார், சங்கரநயினார் சொன்னதைக் கேட்டார், எடுக்காமல் போனார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. குழல்வாய்மொழி எழுந்து கிட்டே போனாள்.

அவள் எடுத்துக்கொடுத்திராத சட்டை. வெள்ளைதான். கழுத்துப் பட்டையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழுப்பு. மேலிருந்து இரண்டாவது பொத்தான் கறுப்பு நூலில் தைத்திருந்தது, வெள்ளைச் சட்டையில் ஒரு பூச்சி உட்கார்ந்ததுபோல. தான் இருந்திருந்தால் அந்தப் பொத்தானில் கறுப்பு நூல் ஏறியிருக்காது என்பது அவளுக்குத் தெரிந்தது. நெற்றியைப் பார்க்க வேண்டியதில்லை, ஆளையும் பார்க்க வேண்டியதில்லை; அந்த நூலே போதும்.

"இதுல ஆள் இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிற குரலில், மரியாதையாகச் சொன்னார்.

"ஆள் வருதுங்க."

முப்பத்து மூன்று வருஷம் ஒரு துண்டையும் மதிக்காத மனிதர்.

ஐந்தாவது தளத்து மேசைக்கு அவள் எப்படி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. மேசையில் ஜெசிந்தா இருந்தாள். தூத்துக்குடிக்காரி, நாற்பதைத் தாண்டியவள், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு யாரையும் அவசரப்படுத்தாமல் பேசுகிறவள். குழல்வாய்மொழி காகிதத்தை நீட்டினாள்.

"இதை ரத்து பண்ணணும்."

"பண்ணிரலாம்க்கா. பணம் முழுசா வந்துரும். அவங்களும் போயிருவாங்க."

"எங்க போவாங்க?"

"அது தெரியாதுக்கா. இங்க வரமாட்டாங்க, அவ்வளவுதான்." ஜெசிந்தா காகிதத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தையும் பார்த்தாள். "எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

"ஒருத்தர்" என்றாள் குழல்வாய்மொழி.

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "வராததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்க்கா. போன வருஷம் ஒரு அம்மா வரலை. இந்த வருஷம் விசாரிச்சா மகளுக்குப் பிரசவம், அமெரிக்காவுல இருக்கா."

"எங்க மகளுக்கு ரெண்டு பிள்ளை ஆயாச்சு, ஆபரேஷனும் பண்ணியாச்சு."

"சரி, முழங்கால் வலியா இருக்கும்."

குழல்வாய்மொழி கறுப்பு நூலைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் ஜெசிந்தாவுக்கும் புரிந்துவிடும். ரத்து செய்கிற இடத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிக்கொண்டாள். ஆம்பூர்க்காரர்களின் ஐந்து பேர் டம்ளரை நேராக வைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனது கண் முன்னால் வந்தது. இவர் எழுந்து, துண்டை எடுத்து மடித்து, எந்தக் கதவைத் திறந்துகொண்டு போவார்? தென்காசி வீடு ஞாபகம் வந்தது. டிவி ஓடும், வாசல் கதவு சாத்தியிருக்கும், கறுப்பு நூல் கண்டு சாப்பாட்டு மேசையில் கிடக்கும். கையெழுத்துப் போட்டால் தான் ஒன்றும் அந்த நாற்காலிக்கு வந்துவிடப்போவதில்லை. அவர்தான் அங்கே இல்லாமல் போவார். இத்தனை நாளும் யோசித்து யோசித்துப் பயந்ததில், இந்தப் பக்கமாக அவள் ஒருநாளும் பயந்து பார்த்ததில்லை.

பேனாவை மூடினாள்.

"எட்டாவது தளம் வேண்டாம்" என்றாள். "லிஃப்டுக்குப் பக்கத்துல, கடல் தெரியுற அறை. அவருக்கு உப்புக் குறைச்சுப் போடணும்னு எழுதிக்கோங்க. ஐஸ்கிரீம் கேட்டா ஒண்ணுக்கு மேல குடுக்காதிய. காலையில மாத்திரை போட்டாச்சான்னு யாராவது போன்ல கேக்க முடியுமா?"

"எழுதிக்கிடுதேன்க்கா." ஜெசிந்தா எழுதினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஒருத்தருக்குன்னு மாத்திரட்டா?"

"வேண்டாம். ரெண்டு பேர்னே இருக்கட்டும்."

"வரலைன்னாலும் ரெண்டாவது படுக்கையை விரிச்சுத்தான் வைப்பாங்க."

"வைக்கட்டும்."

மத்தியானம் சங்கரநயினார் கேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தோடு அறைக்கு வந்தபோது, குழல்வாய்மொழி கட்டிலில் அவருடைய சட்டையை விரித்து, சின்னக் கத்திரியால் ஒரு பொத்தானை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, நல்லாத்தான இருந்தது?"

"இங்க வந்து உக்காருங்க. நீங்க தைக்கணும்."

"எனக்கு எதுக்குடி இந்த வேலை?"

"எனக்குக் கண்ணு மங்குது. ஒருநா நான் ஊர்ல இல்லாட்டி பொத்தான் இல்லாமத் திரிவியளா?"

முப்பத்து மூன்று வருஷம் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் கிழித்த விரல்கள் அவை. ஊசிக் காதில் நூல் நுழைய மறுத்தது. நுனியை எச்சில் தொட்டு முறுக்கச் சொன்னாள். வெள்ளைச் சட்டைக்கு வெள்ளை நூல்தான் என்று சொன்னாள், ஒரு தரம் சொல்லிவிட்டு இன்னொரு தரமும் சொன்னாள். நூல் கண்டு வீட்டு பீரோவில் இரண்டாம் தட்டில், நீல பிஸ்கட் டப்பாவில், அடியில் பழைய ரசீதுகளுக்குக் கீழே இருக்கும். மேலாகத் தேடினால் கறுப்புதான் கையில் வரும், அடிவரைக்கும் தேட வேண்டும். அவர் விரலைக் குத்திக்கொண்டார், ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், மறுபடி நுழைத்தார். அவள் நான்கு தடவை வெட்டினாள், நான்கு தடவை அவர் தைத்தார்.

ஐந்தாவது தடவை ஊசியை இழுத்துக்கொண்டே கேட்டார். "போனியே. வந்திருக்காவளா?"

"வந்திருக்காவ."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

"நான் எப்படி இருக்கேன்?"

"கொஞ்சம் மெலிஞ்சிருக்கிய. டாக்டர் சொன்னதுதான? காதுல முடி வெட்டணும்."

"நீ?"

"எனக்கென்ன" என்றாள் குழல்வாய்மொழி. "நான் அப்படியேதான் இருக்கேன்."

அவர் ஊசியை நிறுத்தி அவளைப் பார்த்தார். நூறு பேர் ஏறும் பஸ்ஸில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர். பிறகு குனிந்து, முடிச்சை எப்படிப் போடுவது என்று கேட்டார். அவள் காட்டிக்கொடுத்தாள். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னாள். சாயங்காலம்வரை இரண்டு பேரும் ஒரு சட்டையில் இருந்த ஏழு பொத்தான்களையும் வெட்டி வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை கரை தெரிந்தது. எல்லாரும் பெட்டிகளைக் கட்டினார்கள். தனக்கொடி வந்து, ஈரோட்டுக்கு வந்தால் வீட்டுக்கு வராமல் போகக்கூடாது என்றாள், அடுத்த வருஷம் பார்க்கத்தானே போகிறோம் என்றும் சொன்னாள். பார்ப்போம் என்றாள் குழல்வாய்மொழி. சங்கரநயினார் கீழே பெட்டிகளுக்கு நின்றார். அவள் தலையில் கட்டிய துண்டோடு கடைசித் தடவையாக மேலே போனாள்.

மேல்தளத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடலைப் பார்த்த வரிசையில் இரண்டை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அவர் அதே இடத்தில் இருந்தார், பக்கத்தில் வெளுத்த துண்டு. காதில் முடி வெட்டியிருந்தது. அவள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

இரண்டாவது பொத்தான் வெள்ளை நூலில் தைத்திருந்தது. கோணலாகத்தான். முடிச்சு வெளிப்பக்கம் வந்திருந்தது. எத்தனை தடவை சொல்லியும் முடிச்சை உள்ளே தள்ள அவருக்கு வரவில்லை.

அவள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் உட்கார்ந்திராத நாற்காலி, அது குளிர்ந்திருக்கவில்லை. அவர் திரும்பவில்லை. ஆனால், கடைசி ஆளும் ஏறி உட்கார்ந்ததை முதுகாலேயே தெரிந்துகொள்கிற மனிதர்போல நிமிர்ந்தார், கைப்பிடியை இரண்டு தடவை தட்டினார், வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

"போலாம், ரைட்."